நேரத்துக்கு ஒரு குணம்

கல்யாணத் தரகு செய்ய ஒரு குடை, ஒரு துணிப்பை, பத்துப் பதினைந்து அடைமொழிகள் இருந்தால் போதும். குடை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். பை தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அடைமொழி ஒன்று தப்பாக விழுந்துவிட்டால் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நின்று கத்தும், நடுவில் தரகன் நின்று இரண்டு பக்கமும் கும்பிடுவான்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திருவண்ணாமலையில் நான் இந்தத் தொழிலில்தான் காலம் தள்ளினேன். உயரம், நிறம், உத்தியோகம் எல்லாம் பெண் வீட்டார் தாங்களே விசாரித்துக்கொள்வார்கள். குணம் எப்படி என்ற கேள்விக்கு மட்டும் தரகன் வாயைப் பார்ப்பார்கள். கோபக்காரன் என்றால் பயமில்லாமல் சொல்லிவிடலாம். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று பெண்ணைப் பெற்றவர்களே சமாதானம் செய்துகொள்வார்கள். கருமி என்றால் சிக்கனம் என்று சொல்லலாம். ஆனால் காலையில் சிரித்து, மத்தியானம் முறைத்து, சாயங்காலம் எல்லாருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது?

வார்த்தைகள் இல்லாமல் இல்லை. படித்தவர்கள் சஞ்சல புத்தி என்பார்கள். சன்னதித் தெரு அய்யர்கள் க்ஷணச் சித்தம் க்ஷணப் பித்தம் என்பார்கள். கடைத்தெருவில் நேரத்துக்கு ஒரு குணம் என்று முடித்துவிடுவார்கள். பெண் வீட்டில் இதில் எதைச் சொன்னாலும் உள்ளே கலந்துகொண்டிருக்கும் காபி வெளியே வராது. இந்த ஒரு குணத்துக்குத் தோதான வார்த்தை தேடியே எனக்குத் தலை நரைத்தது. நீங்கள் தரகு பார்த்தவரானாலும் சரி, பெண்ணைப் பெற்றுவிட்டுத் தரகனை நம்பியவரானாலும் சரி, இந்தச் சங்கடம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

குழந்தை மனசு

இது என் சொந்தச் சரக்கு. நான் சொல்ல ஆரம்பித்து, பிறகு போளூர், ஆரணி வரை தரகர்கள் எடுத்து ஆண்டார்கள். மாப்பிள்ளை நேரத்துக்கு ஒரு மாதிரி இருப்பான் என்று தெரிந்தால், "குழந்தை மனசுங்க" என்று சொல்லிவிட்டு உடனே அவன் வீட்டு மாடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட வேண்டும். கேட்கிறவர்கள் குழந்தை என்ற சொல்லிலேயே மனம் குளிர்ந்துவிடுவார்கள். குழந்தை எந்த நேரத்தில் அழும், எதற்குச் சாமானைப் போட்டு உடைக்கும் என்று யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

வேட்டவலத்தில் ஒரு அம்மாள் யோசித்துவிட்டார்கள். கணவர் இல்லை, ஒரே பெண். முறத்தில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். அரிசி மில்காரர் மகன், ஒரே பிள்ளை, வெள்ளை உடுப்பு, குழந்தை மனசு என்று நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். நாள் நட்சத்திரம் பார்த்துவிடலாமா என்று கேட்டபோது அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்கள். முகத்தில் கோபம் இல்லை.

"கொழந்த பொறக்கணும்னுதான் பொண்ணக் கட்டிக் குடுக்கறோம் தரகரே. நீங்க மொதல்லயே ஒண்ணத் தூக்கிக் கையில குடுக்கறீங்களே."

பெண்ணுக்கு என்ன பெயர்

மாப்பிள்ளைக்குக் குழந்தை மனசு என்கிறோம் அல்லவா, அதே குணம் பெண்ணுக்கு இருந்தால் ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறது. பிடாரி என்பார்கள். திமிர் என்பார்கள். காற்று கறுப்பு பட்டிருக்கிறது என்று வேப்பிலை அடிக்கவும் அழைத்துப்போவார்கள். தரகனுக்கு இதில் சங்கடம் ஜாஸ்தி. "கொஞ்சம் செல்லமா வளந்த பொண்ணு" என்று சொல்லிப் பார்ப்போம். செல்லமா என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே மாமியார்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

கீழ்நாத்தூரில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். பெண் நன்றாகச் சிரிக்கும், நன்றாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கம்மி. அது எனக்குத் தெரியும், அதனால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை. உனக்குக் கோபம் வருமா என்று பெண்ணிடமே கேட்டுவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும் நான்கு அண்ணன்களும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தார்கள். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"எங்க வூட்ல அஞ்சு ஆம்பளைங்க இருக்காங்க அத்த. எனக்கு இன்னும் மொற வரல."

ஜோசியர்

குணத்தைத் தரகன் சொல்வதைவிடக் கிரகம் சொல்லிவிட்டால் பழி நம்மேல் வராது என்று ஒரு காலத்தில் நினைத்தேன். பெரிய தெரு ஜோசியர் ஒருவரிடம் போய், மனசு நிலையாக இருக்குமா ஆடுமா என்பதை ஜாதகத்தில் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். சந்திரன்தான் மனசுக்கு அதிபதி, சந்திரன் பலமாக இருந்தால் மனசு அலை அடிக்காத குளம் என்று விரல் விட்டு விளக்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து அவர் மனைவி, மோர் வேண்டுமா வேண்டாமா, காலையிலிருந்து மூன்று விதமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார்கள். ஜோசியர் வேண்டும் என்று கத்தினார், உடனே வேண்டாம் என்றார், பிறகு என் பக்கம் குனிந்தார்.

"என் ஜாதகத்துல சந்திரன் உச்சத்துல இருக்குதுங்க."

மலை சுற்றிப் பார்ப்பது

ஜோசியரும் கைவிட்ட பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திக்கக் கோயிலைவிட்டால் வேறு இடம் கிடையாது. பெரும்பாலும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். கொடிமரத்துக்குப் பக்கத்தில் யாருக்குத்தான் கெட்ட குணம் இருக்கும்? அதனால் நான் மாப்பிள்ளையை மலை சுற்ற அழைத்துப்போக ஆரம்பித்தேன். விடியற்காலை செருப்பில்லாமல் கிளம்ப வேண்டும். மலையை வலப்பக்கம் வைத்து எட்டு மைலுக்கு மேல் நடக்க வேண்டும், வழியில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கக் கோயில்கள் வரும். செங்கம் சாலை வரை எல்லாரும் உத்தமர்கள். மேற்கே திரும்பி வெயில் முதுகில் ஏறி, காலில் முள் தைத்து, பசி வந்த பிறகு மனுஷனுக்குள் இருப்பவன் வெளியே வருவான்.

இப்படி ஒரு ஜவுளிக்கடைக்கார மாப்பிள்ளையை அழைத்துப் போனேன். நிருதி லிங்கம் வரை தேவாரம் பாடிக்கொண்டு வந்தவன், மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் என்னை, தன் மாமனை, சாலை போட்டவனை, எல்லாரையும் திட்டி முடித்துவிட்டான். அடி அண்ணாமலையில் புளிய மரத்தடியில் மோர் விற்கிற அம்மாள் ஒருத்தி உண்டு. அவள் கையால் ஒரு குவளை உள்ளே போனதும் மறுபடி தேவாரம். எனக்குத் தலை சுற்றியது. இவனுக்கு நான் என்ன வார்த்தை போடுவது என்று அவளிடமே புலம்பினேன். பெண் வீட்டில் கேட்பார்களே, மோருக்கு முன்னால் இருந்த குணத்தைச் சொல்வதா, பின்னால் வந்த குணத்தைச் சொல்வதா என்று கேட்டேன். அவள் குவளையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இங்க வர்ற எல்லா மாப்பிள்ளையும் சிடுசிடுனுதான் சாமி வருது. மோர் குடிச்சப்புறமும் அப்படியே இருந்தா, இன்னொரு குவளை வாங்கிக் குடுத்துப் பாருங்க."

கனகா

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்து வருவது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போளூரில் கோபால் என்று ஒரு தரகர், எனக்குத் தொழில் சிநேகிதர், என்னைவிட இளையவர். அவர் குழந்தை மனசு என்று சொல்லி முடித்து வைத்த இடத்தில் கனகா என்ற பெண் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் தகரப் பெட்டியோடு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். என்னவென்று கேட்டால் பேசவில்லை. சமாதானம் பேச வரும்படி கோபால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மாப்பிள்ளை குடிகாரன் இல்லை. அடித்ததும் இல்லை. கை நிறையச் சம்பாதிக்கிறான். ஒரு நாள் இவளை உட்கார வைத்துத் தானே தோசை சுட்டுப் போடுவான். மறுநாள் அதே தோசைக்குத் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிவான். அதற்கு அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போல் சினிமாவுக்குக் கிளம்பு என்பான். கோபால் தம்மால் ஆன மட்டும் பேசிப் பார்த்தார். நல்ல நாளும் இருக்கிறதே அம்மா, பூ வாங்கிக்கொண்டு வருகிற புருஷன்தானே என்று சொன்னார்.

அந்தப் பெண் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி, கோபாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசியது. நான் எழுந்து கோபாலையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து குழந்தை மனசு என்ற வார்த்தையை எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

"பூ வாங்கினு வர்ற அன்னிக்குத்தாங்க ஜாஸ்தி பயமா இருக்கும். அடுத்தது இன்னானு தெரியாது."

என் வீட்டுக்கு வந்த வரன்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டு வரனைத் தரகன் தானே பார்க்கக் கூடாது. என் மகள் சரோஜாவுக்கு வயது வந்ததும், பார்க்கும் பொறுப்பைக் கோபாலிடம்தான் கொடுத்தேன். அவர் போளூர்ப் பக்கத்து இடம் ஒன்று கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் தணிகாசலம், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அப்பா ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாணத்தில் சரோஜாவைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்டு அனுப்பியிருந்தார்கள். சரோஜாவும் அந்தக் கல்யாணத்தில் அவனைப் பார்த்திருக்கிறாள். என் மனைவி உண்ணாமலை கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

எல்லாம் பொருந்தி வந்த பிறகு, எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் கோபாலிடம் கேட்டேன். குணம் எப்படி என்றேன். கோபால் உடனே மாப்பிள்ளையின் கையெழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் மாடுகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற இடம் அது. கையெழுத்து இருக்கட்டும், குணம் எப்படி என்று மறுபடி கேட்டேன். காதைச் சொறிந்துகொண்டார். தங்கமான பிள்ளை என்றார். ஒரு நேரம் நன்றாகப் பேசும், ஒரு நேரம் பேசாது என்றார். பேசாது என்றால் எப்படி, கோபமா, துக்கமா, எத்தனை நாள் என்று நான் பிடித்துக்கொண்டேன். கோபாலுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அவருக்குப் பழக்கமில்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கனகாவின் தகரப் பெட்டிதான் தெரிந்தது, அதில் சரோஜாவின் பெயர் எழுதியிருந்தது. மறுநாள் கோபாலைப் பிடித்து உலுக்கினேன். உள்ளதைச் சொல்லுங்கள், நான் யாரோ பெண் வீட்டுக்காரன் இல்லை என்றேன். அவர் பாவம், கலங்கிப் போனார்.

"உங்க கிட்ட எதை மறைக்கறதுண்ணே? நீங்க சொல்லிக் குடுத்த வார்த்தைங்கதான் என்கிட்ட இருக்குது. அதுல எதைச் சொன்னாலும் நம்ப மாட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை

மலையைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ராஜகோபுர வாசலில் இரண்டு குடும்பமும் சந்தித்தோம். அவர்கள் பக்கம் தணிகாசலம், அவன் அப்பா, அம்மா. அப்பா கலகலப்பாகப் பேசுகிறவர். அம்மா மெலிந்த உடம்பு, எதையும் விடாமல் பார்க்கிற கண். எங்கள் பக்கம் நான், உண்ணாமலை, சரோஜா. நடுவில் கோபால். பெண்கள் மூவரும் பின்னால் வர, நான் மாப்பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில் நடந்தேன். அக்னி லிங்கம் வரை சிரித்துப் பேசினான், அம்மாவின் பையை வாங்கிச் சுமந்தான். எனக்கு உச்சி குளிர்ந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த பண்டாரங்களுக்கெல்லாம் சில்லறை போட்டேன். சாலையோரத்து ஆசிரமத்தைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டான். மலையைப் பார்க்கிறான், நடக்கிறான். நான் ஏதோ கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினான். ஆரம்பித்துவிட்டது என்று எனக்குள் மணி அடித்தது. அடுத்து கை நீட்டிய பண்டாரத்தின் மேல் எரிந்து விழுந்தேன். மெதுவாக நடக்கிறாய் என்று உண்ணாமலையைக் கடிந்துகொண்டேன்.

மேற்கே திரும்பிய இடத்தில் திடீரென்று அவன் வாய் திறந்தது. இங்கிருந்து பார்த்தால் மலை வேறு மாதிரி இருக்கிறது பாருங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மலை, ஆனால் ஒரே மலைதான் என்று பின்னால் திரும்பிச் சரோஜாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினேன். அவன் அப்பா சொன்ன ஒரு சாதாரணக் கதைக்கு வழிப்போக்கர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். ஆனால் அடி அண்ணாமலையில் அவன் மறுபடி மௌனம். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் மலையைக் கீறிக்கொண்டிருந்தான். சரோஜா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மோர் வேண்டாம் என்று சொன்னேன், கையில் இருந்த பிஞ்சை வேலிக்கு மேல் விட்டெறிந்தேன், இந்த இடத்தைக் கொண்டுவந்ததற்காகக் கோபாலைத் தனியே இழுத்துப்போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். திரும்பி வந்தபோது அவன் எழுந்து எனக்காக ஒரு குவளை மோரை வைத்துக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் வந்துவிட்டது. இவனைப் போல் பிள்ளை உண்டா என்று அதே கோபாலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குபேர லிங்கத்துக்கு அந்தப் பக்கம் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்துதான் உள்ளே புகுந்து வெளியே வர முடியும். ஒல்லிப் பிச்சான்களுக்கு அது விளையாட்டு. தணிகாசலம் ஒரு நொடியில் வந்துவிட்டான். அவனுக்குச் சலிப்பு வருகிறதா பார்க்கலாம் என்று, சரியாக வலது பக்கம் சாய்ந்து வரவில்லை, மறுபடி போய் வா என்றேன். மறுபேச்சில்லாமல் போய் வந்தான். எனக்கு வந்த உற்சாகத்தில் நானும் நுழைந்தேன். பாதி வழியில் வயிறு மாட்டிக்கொண்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உள்ளே இருட்டு, மூச்சு முட்டியது. கோபாலைத் திட்டினேன், பிள்ளையாரைத் திட்டினேன், உண்ணாமலையைக் கூப்பிட்டேன். இரண்டு கைகள் உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தன. மூச்சை வெளியே விடுங்கள் மாமா, விட்டுவிட்டு வாருங்கள் என்று தணிகாசலத்தின் குரல் கேட்டது. வெளியே வந்து விழுந்ததும் முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன். வேட்டியில் புழுதியைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தால் எதிரே மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நான் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"பையனுக்குக் கொணம் பாக்கறதுக்குத்தான் நடக்க வெச்சாங்கனு தெரியும் கோபாலு. பொண்ணோட அப்பாவுக்கு இன்னா கொணம்னு நீ சொல்லவே இல்லையே."

உண்ணாமலை

அங்கிருந்து ஈசான்ய லிங்கம் வரை நான் நடந்த நடையை எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன். மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் முன்னால் போய்விட்டார்கள். அவன் அம்மாவும் உண்ணாமலையும் எனக்குச் சற்று முன்னால் ஜோடியாகப் போனார்கள். என் காதில் விழும் என்று தெரிந்தேதான் அந்த அம்மாள் பேசினார்கள். ஒளிவு மறைவு இல்லை. எனக்கு ஒரே பிள்ளை, அவன் அதிகம் பேசாதவன், வீட்டில் நிம்மதி வேண்டும் என்றார்கள். பெற்றவர்களின் குணம் பிள்ளைகளுக்கு வராமல் போகாது. இவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறதே, பெண்ணுக்கும் அது இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார்கள். தப்பில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் சார்பில் நான் எத்தனையோ இடத்தில் கேட்ட கேள்விதான். சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலை குனிந்து வந்தாள். என் மகளின் கல்யாணம் என்னாலேயே நின்றுபோகப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. தார் உருகிக் காலைச் சுட்டது. நான் ஓரத்துக்குக்கூட ஒதுங்கவில்லை.

உண்ணாமலை அவசரப்படுகிறவள் இல்லை. கலைந்த கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டாள். எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன், பேசவில்லை. "மத்த நாள்ல அவருக்கு ஒரே கொணம்தாங்க, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சிடுசிடுதான்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இன்னிக்குத்தான் இப்படி மாறி மாறி வருது. பொண்ணக் குடுக்கறாரு இல்ல" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஈசான்ய லிங்கத்தில் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திருநீறு பூசிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது, வெயிலில் நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலு சுடுதா சம்பந்தி? இப்படி நெழல்ல வாங்க."

சரோஜா

வீடு திரும்பியதும் எல்லாருக்கும் சந்தோஷம். கோபால் தாம்பூலத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பிவிட்டார். உண்ணாமலை பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள். எனக்கு மட்டும் பயம் போகவில்லை. என் குணத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், சரி. அவன் குணம் எனக்கு என்ன தெரிந்தது? இரண்டு தடவை பேசினான், இரண்டு தடவை ஊமையாகிப் போனான். இழுத்து விட்டவன் நல்லவன்தான். நல்லவர்களும் தட்டைத் தூக்கி எறிவார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். மலையைச் சுற்றி வந்தும் அவனுக்கு ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. தெரியாத இடத்தில் பெண்ணைத் தள்ளுகிறோம் என்றே தோன்றியது.

கிணற்றடியில் சரோஜா காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் கன்றிப் போயிருந்தது. செம்பை வாங்கி நான் ஊற்றினேன். இவ்வளவு காலம் யார் யார் பெண்ணுக்கோ குணம் சொல்லியவன், என் பெண்ணிடம் கேட்க வார்த்தை இல்லாமல் தடுமாறினேன். அந்தப் பிள்ளை நேரத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறதே அம்மா, திடீர் திடீரென்று பேசாமல் போய்விடுகிறதே, உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் இப்போதே சொல், நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுந்து நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவள் ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக் கழுவினாள், நிதானமாக.

"அவரு பேசாம வந்தப்போ நானும் பேசாம வந்தேன்பா. நல்லா இருந்திச்சு."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. குணத்துக்குச் சரியான வார்த்தை தெரிந்தவன் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான் என்பதாலோ என்னவோ, அதற்குப் பிறகும் பல வருஷம் நான் தரகு பார்த்தேன்.